ஃபைல் இருக்கிறது, வகுப்பைக் காணோம்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசி அச்சகங்களில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். பூஜை முடிந்த கையோடு ஆர்டர் பிடிக்கும் வேலை தொடங்கிவிடும். அப்படி ஓர் அச்சகம் இந்த முறை இணையத்திலும் ஆர்டர் வாங்கலாம் என்று முடிவு செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம். செயலி எழுதுகிறவர் ஆமத்தூர்க்காரர். விருதுநகர்–சிவகாசி சாலையில் இருக்கும் அந்த ஊர்ப் பக்கம் இன்ஜினியரிங் படித்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. மத்தாப்புக்கு மினுக்கம் கொடுக்கும் அலுமினியப் பவுடர் கம்பெனியின் பெயரைத் தாங்கிய மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரி 1984-லிருந்து அங்கேதான் நடக்கிறது.

நம் ஆமத்தூர்க்காரர் ஜாவாவில் இரண்டு செயலிகள் எழுதுகிறார். ஆர்டர் பிடிக்க ஒன்று, பில் போட ஒன்று. லேப்டாப்பில் இரண்டும் பிசகில்லாமல் ஓடுகின்றன. வாடகைக்கு எடுத்த சர்வரில் ஏற்றும்போது அவருக்கு ஒரு யோசனை வருகிறது. வரி கணக்கிடும் ஜார் ஃபைல் இரண்டு செயலிக்குள்ளும் இருக்கிறதே, ஒரே சரக்கை எதற்கு இரண்டு இடத்தில் வைக்க வேண்டும்? சர்வர் மென்பொருளான டாம்கேட்டுக்குச் சொந்தமாக 'லிப்' என்று ஒரு பொது ஃபோல்டர் உண்டு. அதில் ஒரு பிரதியைப் போட்டுவிட்டு, செயலிகளுக்குள் இருந்ததை அழித்துவிடுகிறார்.

சர்வர் கிளம்புகிறது. முதல் பக்கம் திறக்கிறது. முருகன், லட்சுமி, இயற்கைக் காட்சி எல்லாம் வரிசையாக வருகின்றன. 'விலை காட்டு' பொத்தானை அழுத்தியதும் திரை முழுக்க எரர். நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் என்று தலைப்பு, கீழே 'ஆர்டர்' என்ற வகுப்பின் பெயர். அதன் வரையறை கிடைக்கவில்லையாம்.

போய்ப் பார்த்தால் ஃபைல் இருக்கிறது. செயலியின் சொந்த ஃபோல்டரில், வைத்த இடத்திலேயே இருக்கிறது. பெயரில் எழுத்துப் பிழை இல்லை. அளவு சரி, தேதி சரி. பிரித்துப் பார்த்தால் உள்ளே 'ஆர்டர்' வகுப்பும் பத்திரமாக இருக்கிறது. அவர் கைவைத்தது வரி ஜார் மீது மட்டும்தான். எரரோ தொடாத ஃபைலின் பெயரைச் சொல்கிறது.

ஜாவாவில் செயலி எழுதுவது என்றால் பல வகுப்புகளை எழுதுவது. கிளாஸ் என்று புழங்கும் சொல்லைத்தான் இங்கே வகுப்பு என்கிறோம். ஆர்டர் என்பது ஒரு வகுப்பு, வாடிக்கையாளர் என்பது இன்னொன்று, வரி என்பது மற்றொன்று. ஒவ்வொன்றும் என்னென்ன விவரம் வைத்திருக்கும், என்னென்ன வேலை செய்யும் என்று நிரலாளர் எழுதிவைக்கிறார். கம்பைலர் அதை மொழிமாற்றி, வகுப்புக்கு ஒரு ஃபைலாக வெளியே தள்ளுகிறது. அந்த ஃபைல்களில் பலவற்றைச் சேர்த்துக் கட்டினால் ஜார். ஜார்களையும் வலைப்பக்கங்களையும் சேர்த்து ஒரு முழுச் செயலியாகக் கட்டினால் வார் ஃபைல். சர்வரில் டெப்ளாய் செய்வது என்று சொல்வது இந்த வார் ஃபைலைக் கொண்டுபோய் வைப்பதைத்தான்.

வகுப்பு ஃபைல் ஒன்றை ஹெக்ஸ் வியூவரில் திறந்தால் முதல் நான்கு பைட்டுகளில் 'கஃபே பேப்' என்று ஆங்கிலத்தில் வாசிக்கும்படி எண்கள் அமைந்திருக்கும். ஜாவாவை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங் விளையாட்டாகப் போட்ட முத்திரை அது. இன்றுவரை எல்லா ஜாவா வகுப்பு ஃபைலும் அதில்தான் தொடங்குகிறது. அதை அடுத்து வரும் பைட்டுகளில் ஒரு பதிப்பு எண் இருக்கும். ஜாவா 8-க்கு 52, ஜாவா 11-க்கு 55, ஜாவா 17-க்கு 61, ஜாவா 21-க்கு 65. லேப்டாப்பில் ஜாவா 17 வைத்துக் கம்பைல் செய்துவிட்டு, ஜாவா 11 மட்டும் இருக்கும் சர்வரில் ஏற்றினால், 61 என்று எழுதியிருக்கிறது, எனக்கு 55 வரைதான் தெரியும் என்று ஜாவா எண்களோடு எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிடும். ஏற்றும்போது வரும் எரர்களிலேயே நேர்மையானது இதுதான். காரணத்தை மறைக்காமல் சொல்கிறது. மற்றவை அப்படியில்லை.

இந்த ஃபைல்களை ஜாவா எப்போது எடுத்துக்கொள்கிறது? எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே அல்ல. ஒரு வகுப்பு முதன்முதலாகத் தேவைப்படும் கணத்தில்தான் போய்த் தேடும். 1995-ல் ஜாவா வெளிவந்தபோது அதன் பெருமையே வலைப்பக்கத்தோடு சிறு செயலிகளை அனுப்புவதுதான். மோடம் காலத்து இணையத்தில் எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்கினால் பக்கம் திறப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். ஆகவே வேண்டியதை வேண்டும்போது எடு என்று வடிவமைத்தார்கள். அந்தச் சோம்பேறித்தனம் இன்றைய சர்வரிலும் தொடர்கிறது. அதனால்தான் முதல் பக்கம் ஒழுங்காக வந்தது, விலை கேட்டதும் விழுந்தது. ஆண்டுக்கு ஒருமுறை ஓடும் கணக்கு முடிப்பு வகுப்பு ஒன்று காணாமல் போயிருந்தால், அது மார்ச் 31 வரை யாருக்கும் தெரியாது.

தேடிக் கொண்டுவரும் வேலையைச் செய்வது கிளாஸ் லோடர். தமிழில் வகுப்பேற்றி என்று வைத்துக்கொள்ளலாம், சுருக்கமாக ஏற்றி. ஒரு ஜாவா செயலிக்குள் ஒரே ஓர் ஏற்றிதான் இருக்கும் என்று நினைத்தால் எந்தப் புதிரும் அவிழாது. பல ஏற்றிகள் இருக்கின்றன, தாய்–பிள்ளை உறவில் அடுக்காக. உச்சியில் ஜாவாவின் அடிப்படை வகுப்புகளைக் கொண்டுவரும் ஏற்றி. டாம்கேட்டில் அதற்குக் கீழே, பொது 'லிப்' ஃபோல்டரைப் பார்த்துக்கொள்ளும் பொது ஏற்றி. அதற்கும் கீழே, ஒவ்வொரு வலைச் செயலிக்கும் தனித்தனியாக ஒன்று. ஆர்டர் செயலியின் ஏற்றி அதன் சொந்த ஃபோல்டரை மட்டும் பார்க்கும். பில் செயலியின் ஏற்றி தன்னுடையதை மட்டும்.

பொதுவான ஜாவா வழக்கப்படி, ஓர் ஏற்றியிடம் ஒரு வகுப்பைக் கேட்டால் அது முதலில் தாயைக் கேட்கும். தாய் இல்லை என்று சொன்னால்தான் தன் ஃபோல்டரைத் துழாவும். 1998-ல் வந்த ஜேடிகே 1.2 என்ற ஜாவா பதிப்பு ஏற்படுத்திய ஒழுங்கு இது. வலைச் செயலிகளுக்கு மட்டும் இது தலைகீழ். அடிப்படை ஜாவா வகுப்புகளுக்கு மேலே போய்க் கேட்டுவிட்டு, மற்றவற்றுக்கு டாம்கேட் முதலில் செயலியின் சொந்த ஃபோல்டரைத்தான் பார்க்கும். அங்கே கிடைக்காவிட்டால்தான் பொது ஏற்றி. ஒரே சர்வரில் இரண்டு செயலிகள் ஒரே நிரல் நூலகத்தின் வேறு வேறு பதிப்புகளை வைத்துக்கொண்டு சண்டையில்லாமல் ஓடுவதற்காகச் செய்த ஏற்பாடு.

தேடுவது யாரென்று தெரிந்தாயிற்று. யார் சார்பாகத் தேடுகிறது என்பதில்தான் நம் ஆமத்தூர்க்காரரின் புதிர் முடிச்சுப் போட்டிருக்கிறது.

ஒரு வகுப்பு தன் வேலைக்கு இன்னொரு வகுப்பைக் கேட்டால், கேட்கும் வகுப்பை எந்த ஏற்றி கொண்டுவந்ததோ அதே ஏற்றியிடம்தான் கேள்வி போகும். வரி வகுப்பு இப்போது பொது ஃபோல்டரில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்தது பொது ஏற்றி. வரி போட வேண்டுமானால் ஆர்டர் என்றால் என்ன என்று வரி வகுப்புக்குத் தெரிய வேண்டும். பொது ஏற்றி தன் ஃபோல்டரைப் பார்க்கிறது, தன் தாயைக் கேட்கிறது. பிள்ளையை ஒருபோதும் கேட்காது. கேட்க வழியே கிடையாது. எந்தப் பிள்ளையைக் கேட்பது? ஆர்டர் செயலியையா, பில் செயலியையா? இரண்டிலும் 'ஆர்டர்' என்ற பெயரில் ஒரு வகுப்பு இருக்கலாமே. ஆக, ஃபைல் வட்டில் இருக்கிறது, தேடியவரின் கண்ணுக்கு எட்டும் இடத்தில் இல்லை. வரி ஜாரை நகர்த்தியதுதான் வினை; எரர் மட்டும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிவிட்டது.

வரி ஜாரைப் பழையபடி இரண்டு செயலிக்குள்ளும் வைத்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவசரத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஆர்டர் வகுப்பு கிடைக்கவில்லையா, அதையும் பொது ஃபோல்டரில் ஒரு பிரதி போடு என்பதுதான் கை போகும் வழி. செயலிக்குள் இருப்பதை அழிக்காமல், கூடவே ஒன்று.

இப்போது பழைய எரர் போய்விட்டது. புதிதாக ஒன்று வருகிறது. 'ஆர்டர்' வகுப்பை 'ஆர்டர்' வகுப்பாக மாற்ற முடியாது என்கிறது. கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் என்று அதற்குப் பெயர். முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் கம்ப்யூட்டருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே நினைப்பார்கள்.

சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குருவி வெடி, லட்சுமி வெடி என்பவை எந்த ஒரு தொழிற்சாலையின் சொத்தும் அல்ல. பல தொழிற்சாலைகள் அதே பெயரில் போடுகின்றன. இரண்டு பாக்கெட்டையும் கலந்து வைத்தால் வாங்குகிறவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் வெடிபொருள் உரிமம் தொழிற்சாலைக்குத்தான், பெயருக்கு இல்லை. சரக்கில் கோளாறு என்றால் அதிகாரி கேட்கும் முதல் கேள்வி எந்தக் கம்பெனிச் சரக்கு என்பது. 2019-ல் பசுமைப் பட்டாசு வந்தபோது பெட்டியில் கியூஆர் கோடு அச்சிடச் செய்ததும் போலியை அசலிலிருந்து பிரிக்கத்தான். ஜாவாவுக்கும் வகுப்பின் அடையாளம் பெயர் மட்டும் அல்ல. பெயரும் அதைக் கொண்டுவந்த ஏற்றியும் சேர்ந்ததுதான் அடையாளம். பொது ஏற்றி கொண்டுவந்த ஆர்டர் ஒரு கம்பெனிச் சரக்கு. செயலியின் ஏற்றி கொண்டுவந்த ஆர்டர் வேறு கம்பெனிச் சரக்கு. இரண்டு ஃபைலும் பைட்டுக்குப் பைட் ஒன்றாகவே இருந்தாலும் ஜாவாவுக்கு அவை இரண்டு வகுப்புகள்.

இது தேவையற்ற கறார் போலத் தோன்றலாம். பெயர் ஒன்று, உள்ளடக்கமும் ஒன்று, விட்டுக்கொடுத்தால் என்ன குடிமுழுகிப் போகும்? விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதை 1997-ல் ஓர் இந்தியர் செய்தே காட்டினார்.

விஜய் சரஸ்வத் கான்பூர் ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அப்போது ஏடி அண்ட் டி ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தார். ஜாவா பாதுகாப்பான மொழி என்று உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம். ஒரு வகைப் பொருளை வேறு வகையாக நினைத்துத் தொட இந்த மொழி விடாது, அதனால் இணையத்திலிருந்து முன்பின் தெரியாதவர் அனுப்பும் நிரலைக்கூட நம்பி ஓட்டலாம் என்பதுதான் ஜாவாவை வெளியிட்ட சன் நிறுவனம் கொடுத்த வாக்குறுதி. சரஸ்வத் எழுதிய குறிப்பின் தலைப்பே அதை நேராக மறுத்தது: ஜாவா வகைப் பாதுகாப்பு உடையது அல்ல.

அவர் எடுத்துக்கொண்ட ஓட்டை இதே ஏற்றிகளுக்கு இடையே இருந்தது. ஒரே பெயரில் இரண்டு வகுப்புகளைத் தயார் செய்தார். ஒன்றை ஓர் ஏற்றி கொண்டுவரும், மற்றதை இன்னொன்று. இரண்டுக்கும் உள்ளே விவரங்கள் அடுக்கியிருக்கும் முறை வேறு. இரு பக்கத்துக்கும் பொதுவான ஒரு பாலம் வழியாக முதல் வகையைச் சேர்ந்த பொருள் ஒன்றை இரண்டாவது பக்கத்துக்குக் கடத்தினார். இடையில் ஜாவா சோதித்திருக்க வேண்டும். அது பெயரை மட்டும் பார்த்தது. பெயர் சரியாக இருந்ததும் உள்ளே விட்டுவிட்டது. லேபிளில் குருவி வெடி என்று இருந்தால் போதும், கம்பெனியைக் கேட்க மாட்டேன் என்கிற கதை. இந்தப் பக்கத்து நிரல் அந்தப் பொருளைத் தனக்குத் தெரிந்த அமைப்பாக நினைத்துக்கொண்டு படித்தது. பிறர் தொடவே கூடாது என்று பூட்டி வைத்த விவரம் வெளியே வந்தது. ஜாவாவின் காவல் ஏற்பாட்டில் இது சன்னல் வழியாகப் போவது அல்ல, அஸ்திவாரத்தில் ஓட்டை.

சன் நிறுவனத்தில் இருந்த ஷெங் லியாங்கும் கிலாட் பிராக்காவும் இதற்கு மருந்து கண்டுபிடித்தார்கள். 1998-ல் ஊப்ஸ்லா என்ற நிரலாக்க மாநாட்டில் அவர்கள் வாசித்த கட்டுரை இன்றும் இத்துறையில் அடிப்படைப் பாடம். எளிய வழி ஒன்று இருந்தது: சம்பந்தப்பட்ட எல்லா வகுப்புகளையும் அப்போதே ஏற்றி ஒப்பிட்டுப் பார்ப்பது. அப்படிச் செய்தால் வேண்டும்போது மட்டும் ஏற்றும் வசதி போய்விடும். அவர்கள் வேறு வழியில் போனார்கள். இரண்டு ஏற்றிகள் ஒரு பெயரைப் பரிமாறிக்கொள்ளும்போது, ஜாவா ஒரு குறிப்பு எழுதிவைக்கும்: இந்தப் பெயர் இந்த இருவரிடமும் ஒரே வகுப்பையே குறிக்க வேண்டும். ஏற்ற வேண்டிய நேரம் வரும்போது அந்தக் குறிப்பை எடுத்துப் பார்க்கும்; முரண் என்றால் அங்கேயே நிறுத்திவிடும். ஏற்றற் கட்டுப்பாடு என்று இதைச் சொல்லலாம். ஜேடிகே 1.2-லேயே இது இடம்பெற்றது.

அந்தக் குறிப்பின் வாசகம் இன்றும் சர்வர் லாகில் வரும். 'லோடர் கன்ஸ்ட்ரெய்ன்ட் வயலேஷன்' என்று தொடங்கும் லிங்கேஜ்எரர் அதுதான். நம் அச்சகச் செயலியில் வரி வகுப்பு ஓர் ஆர்டரை நேரடியாக ஆர்டர் என்ற பெயரிலேயே கொடுத்து வாங்கினால் இந்த எரர் வரும். பட்டியலுக்குள் போட்டு, வகை சொல்லாமல் பொதுவான பொருளாகக் கொடுத்தால், எடுக்கும் இடத்தில் ஆர்டரை ஆர்டராக மாற்ற முடியாது என்ற எரர் வரும். நோய் ஒன்றுதான், வெளியே தெரியும் இடம்தான் வேறு. 1997-ல் இருந்திருந்தால் முதல் வகையில் எரரே வந்திருக்காது. இரண்டு பிரதிக்குள்ளும் விவரங்கள் அடுக்கிய முறை வேறாக இருந்தால், விலை மட்டும் தப்பாக வந்திருக்கும்.

சரி, இரண்டு பிரதி இருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊகிக்க வேண்டியதில்லை, ஜாவாவிடமே கேட்கலாம். கிளப்பும்போது 'வெர்போஸ் கிளாஸ்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால், ஏற்றும் ஒவ்வொரு வகுப்புக்கும் அது ஒரு வரி எழுதும்: பெயர், எந்த ஜாரிலிருந்து எடுத்தது. ஆயிரக்கணக்கான வரிகள் கொட்டும். அதில் 'ஆர்டர்' என்று தேடி இரண்டு வரி வந்தால், அதுவும் இரண்டு வேறு ஃபோல்டர்களிலிருந்து வந்தால், வழக்கு முடிந்தது. ஜாவா 11-லிருந்து காஸ்ட் எரரே அடைப்புக்குறிக்குள் இரு ஏற்றிகளின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறது. ஒரு பக்கம் 'பாரலல் வெப்ஆப் கிளாஸ்லோடர்' என்றிருந்தால் அது செயலியின் ஏற்றி. மறுபக்கம் 'யூஆர்எல் கிளாஸ்லோடர்' என்றிருந்தால் டாம்கேட்டின் பொது ஏற்றி. அடைப்புக்குறிக்குள் இருப்பதால் பலர் அதைப் படிப்பதில்லை. பதிலே அங்கேதான் இருக்கிறது.

கிடைக்கவில்லை என்று சொல்லும் எரர்களும் ஒரே குடும்பம் போலத் தோன்றினாலும் வேறு வேறு. கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன் வந்தால், யாரோ வகுப்பின் பெயரை எழுத்தாகக் கொடுத்துத் தேடச் சொல்லியிருக்கிறார்கள். கான்ஃபிகரேஷன் ஃபைலில் டேட்டாபேஸ் டிரைவரின் பெயரைத் தப்பாக அடித்திருந்தால் இதுதான் வரும். நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் வேறு மாதிரி: கம்பைல் செய்த நேரத்தில் அந்த வகுப்பு இருந்தது, ஓடும்போது கண்ணில் படவில்லை. முதலாவதற்கு எழுத்தைச் சரிபார்க்க வேண்டும். இரண்டாவதற்கு லேப்டாப்புக்கும் சர்வருக்கும் இடையே எது மாறியது என்று பார்க்க வேண்டும்.

இந்த இரண்டாவதிலேயே ஒரு கள்ளன் உண்டு. அதே எரர் தலைப்பு, ஆனால் கூடவே 'குட் நாட் இனிஷியலைஸ்' என்று இருக்கும். அப்படியென்றால் வகுப்பு கிடைத்துவிட்டது. அது முதன்முதலாக எழுந்து தன்னைத் தயார் செய்துகொள்ளும்போது, ஒரு ஃபைலைத் திறக்க முடியாமலோ டேட்டாபேஸ் கிடைக்காமலோ விழுந்திருக்கிறது. விழுந்த வகுப்பை ஜாவா மறுபடி எழுப்பிப் பார்க்காது. பழைய ஜாவா பதிப்புகளில் அதன் பிறகு கேட்கிறவர்களுக்கெல்லாம் இந்த ஒற்றை வரிதான் பதில். அவற்றில் உண்மைக் காரணம் லாகில் முதல் முறை விழுந்த இடத்தில், சில நேரம் பல மணி நேரத்துக்கு முன்னால், ஒரே ஒரு தடவை எழுதியிருக்கும். கடைசி எரரை மட்டும் காப்பி செய்து நண்பருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் அவரும் ஜாரைத் தேடித்தான் அலைவார்.

ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் ஒரே ஃபோல்டரில் கிடந்தால் வருவது நோசச்மெத்தட்எரர். வகுப்பு கிடைத்தது, அதில் இருக்க வேண்டிய செயல்பாட்டைக் காணோம். ஒரே பெயருக்கு எந்த ஜார் முன்னால் கண்ணில் படுகிறதோ அதுதான் ஜெயிக்கும். அந்த வரிசை லேப்டாப்பில் ஒரு மாதிரியும் சர்வரில் ஒரு மாதிரியும் இருக்கலாம். நூலகங்களைக் கொண்டுவந்து சேர்க்கும் மேவன் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் 'டிபெண்டென்சி ட்ரீ' என்று கேட்டால், எந்த நூலகம் எதை இழுத்துக்கொண்டு வந்தது என்று மரமாகக் காட்டும். பெரும்பாலும் கேட்காத விருந்தாளி ஒருவர் அதில் தெரிவார்.

நிரலாளர் எந்தத் தப்பும் செய்யாமலே வகுப்பு காணாமல் போன சந்தர்ப்பங்களும் உண்டு. 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11, எக்ஸ்எம்எல் ஃபைலை ஜாவாப் பொருளாக மாற்றித்தரும் 'ஜாக்ஸ்பி' என்ற தொகுப்பை உள்ளிருந்து எடுத்துவிட்டது. ஜாவா 8 வரை எல்லாச் சர்வரிலும் தானாக இருந்தது, இனிமேல் கேட்பவர் தனியாகக் கொண்டுவர வேண்டும். ஜாவா 8-லிருந்து நேராக 11-க்குத் தாவிய செயலிகளில் முதலில் விழுந்தது பெரும்பாலும் இதுதான்.

அதைவிடப் பெரியது பெயர் மாற்றம். நிறுவனங்களுக்கான ஜாவா தொகுப்பை 2017-ல், ஜாவாவை அப்போது கையில் வைத்திருந்த ஆரக்கிள் நிறுவனம் எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதாக அறிவித்தது. ஆனால் 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கும் பழைய பெயர்களை அறக்கட்டளை தன் விருப்பப்படி வளர்த்துக்கொள்வதில் வணிகக்குறி ஒப்பந்தம் கைகூடவில்லை. 2020 டிசம்பரில் வந்த ஜகார்த்தா ஈஈ 9-ல் அந்தப் பெயர்களை எல்லாம் 'ஜகார்த்தா' என்று மாற்றிவிட்டார்கள். வேலையில் ஒரு மாற்றமும் இல்லை, பெயர் மட்டும். டாம்கேட் 9 வரை பழைய பெயர், டாம்கேட் 10 முதல் புதிய பெயர். ஏற்றிக்குப் பெயர்தான் தெரியும். ஆகவே பழைய செயலியை டாம்கேட் 10-ல் வைத்தால், வலைச் செயலிகளுக்கு அடிப்படையான சர்வ்லெட் வகுப்பே கிடைக்கவில்லை என்று விழும்.

இங்கேயும் அதே கை அதே வழியில் போகும். இணையத்தில் தேடி, பழைய சர்வ்லெட் ஜாரை எடுத்துவந்து செயலிக்குள் போடுவார்கள். எரர் மாறும்: உங்கள் வகுப்பை 'ஜகார்த்தா சர்வ்லெட்' ஆக மாற்ற முடியாது. செயலி கையில் வைத்திருப்பது பழைய பெயரில் ஒரு சர்வ்லெட். டாம்கேட் எதிர்பார்ப்பது புதிய பெயரில் ஒன்று. சர்வ்லெட் ஜார் சர்வருக்குச் சொந்தமானது. செயலிக்குள் அது இருக்கவே கூடாது என்று விதியே இருக்கிறது. தன்னுடைய அதே ஜார் செயலிக்குள் இருந்தாலும் டாம்கேட் அதைக் கண்டுகொள்ளாமல் தன்னுடையதையே எடுத்துக்கொள்ளும். நிரலைப் புதிய பெயருக்கு மாற்றிக் கம்பைல் செய்வது முறையான தீர்வு. நேரம் இல்லாதவர்களுக்கு டாம்கேட் 10-ல் 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ' என்று ஒரு ஃபோல்டர் வைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். பழைய வார் ஃபைலை அதில் போட்டால் பெயர்களைத் தானே மாற்றி எடுத்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு ஆமத்தூர்க்காரர் பொது ஃபோல்டரைக் காலி செய்து, ஜார்களை அந்தந்தச் செயலிக்குள்ளேயே திரும்ப வைக்கிறார். விலை வருகிறது. ஆனால் காலையிலிருந்து திருத்தித் திருத்தி, சர்வரை நிறுத்தாமலே வார் ஃபைலை மறுபடி மறுபடி ஏற்றியிருக்கிறார். சாயங்காலம் மெமரி தீர்ந்துவிட்டது என்று சர்வர் படுத்துவிடுகிறது. இதுவும் ஏற்றியின் வேலைதான்.

செயலியைப் புதுப்பிக்கும்போது டாம்கேட் பழைய ஏற்றியை விட்டுவிட்டுப் புதிய ஏற்றி ஒன்றை உருவாக்கும். பழையதை யாரும் பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் அது கொண்டுவந்த வகுப்புகள் எல்லாம் நினைவகத்திலிருந்து கழிந்துவிடும். ஒவ்வொரு வகுப்பும் தன் ஏற்றியைப் பிடித்திருக்கிறது. ஏற்றியோ தான் கொண்டுவந்த அத்தனை வகுப்புகளையும் பிடித்திருக்கிறது. ஆகவே நிறுத்த மறந்த ஒரு த்ரெட், பதிவை நீக்காமல் விட்ட ஒரு டேட்டாபேஸ் டிரைவர், இப்படி ஏதாவது ஒன்று ஒரே ஒரு பழைய பொருளைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் மொத்தச் செயலியும் போகாமல் நிற்கும். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் இன்னொரு முழுப் பிரதி.

ஜாவா 7 வரை வகுப்புகளுக்கு 'பெர்ம்ஜென்' என்று அளவு கட்டிய தனி இடம் இருந்தது. நாலைந்து தடவை ஏற்றினாலே நிரம்பி எரர் வந்துவிடும். 2014-ல் வந்த ஜாவா 8 அதை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரின் நினைவகத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும் 'மெட்டாஸ்பேஸ்' முறைக்கு மாறியது. கசிவு அதனால் நிற்கவில்லை. வெளியே தெரிய நேரமாகிறது, அவ்வளவுதான். டாம்கேட்டின் மேனேஜர் பக்கத்தில் கீழே 'ஃபைண்ட் லீக்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நிறுத்திய பிறகும் நினைவகத்தை விட்டுப் போகாத செயலிகளின் பெயரை அது சொல்லும். அதற்காக ஜாவாவின் நினைவகம் முழுவதையும் ஒரு முறை கூட்டிப் பெருக்கச் சொல்லும். அந்த நேரம் சர்வர் திணறும் என்பதால், ஆர்டர் வந்துகொண்டிருக்கும் பகல் வேளையில் அதை அழுத்தாமல் ராத்திரிக்கு வைத்துக்கொள்வது நல்லது.